முதல் எஃகு பிஸ்டல்: கடை மேசையில் எதைப் பார்த்து வாங்குவது

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் கண்ணுக்கு நேரான தட்டில் இருப்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக் உடல் பிஸ்டல்கள். பழைய வடிவமைப்புகள் கீழ்த்தட்டில் கிடக்கும்: முழு உலோக உடல், பின்னால் துருத்தி நிற்கும் ஹேமர் என்ற சின்னச் சுத்தி, நாலரை முதல் ஐந்து அங்குலக் குழல், ஏறக்குறைய ஒரு கிலோ எடை. அந்தத் தட்டிலிருந்து முதல் பிஸ்டலை, அதுவும் பழையதாக வாங்க நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. புதிதாக வாங்கினாலும் கீழே வரும் சோதனைகள் பொருந்தும். புதிய பெட்டிக்குள்ளும் மோசமான பிஸ்டல் இருக்கும்.

வாங்க உரிமை இருக்கிறதா?

உரிமம் பெற்ற கடையில் பிஸ்டல் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும் கடைக்காரர் பின்புலச் சோதனைக்கு அனுப்புவார். பிஸ்டலை நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில்தான் வாங்க முடியும். வேறு மாநிலத்தில் இணையம் வழியாக வாங்கினால் அது உங்கள் ஊர்க் கடைக்கு வரும். அங்கே படிவம் நிரப்பிப் பெற்றுக்கொள்ள வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் வாங்கலாம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டரசுக் குற்றம். நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதில் அடங்கும் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. அந்த நண்பரின் பணத்தில் அவருக்காக நீங்கள் உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பதும் குற்றமே. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் மேகசினுக்குப் பத்து ரவுண்டுதான், அதாவது பத்துத் தோட்டாதான், வரம்பு. மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்துவிடுங்கள்.

ஐந்து பெயர்கள்

இந்த வகையில் பார்க்கத் தக்கவை ஐந்து. மற்றவை பெரும்பாலும் இவற்றின் நகல்கள் அல்லது உறவினர்கள்.

கோல்ட் 1911: ஜான் மோசஸ் பிரௌனிங்கின் வடிவமைப்பு. அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்றது, 1985 வரை அதுவே முதன்மைப் பிஸ்டலாக இருந்தது. .45 ஏசிபி தோட்டா, ஏழு ரவுண்டு மேகசின், ஐந்து அங்குலக் குழல். இன்று பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன, 9 மி.மீ. தோட்டாவுக்கும் கிடைக்கிறது.

பிரௌனிங் ஹை-பவர்: பிரௌனிங் 1926இல் இறந்த பிறகு பெல்ஜியத்தின் எஃப்என் ஆலையில் டியூடோனே செவ் முடித்துக் கொடுத்தது. 1935இல் வெளிவந்தது, 9 மி.மீ., 13 ரவுண்டு. இந்தியாவின் இஷாப்பூர் ஆலையில் செய்யப்படும் 9 மி.மீ. பிஸ்டல் இதன் நகல்தான். இந்தியாவில் அது படைகளுக்கும் போலீசுக்கும் மட்டுமே; 9 மி.மீ. அங்கே தடை செய்யப்பட்ட வகை என்பதால் சாதாரண உரிமத்தில் வாங்க முடியாது.

சிஇசட் 75: செக்கோஸ்லோவாக்கியாவின் உஹெர்ஸ்கி ப்ரோட் ஆலையில் கௌட்ஸ்கி சகோதரர்களின் வேலை. 9 மி.மீ., எஃகு உடல், ஏறக்குறைய ஒரு கிலோ. 

பெரெட்டா 92: இத்தாலியில் பிறந்தது. 1985இல் 1911-இன் இடத்தை எம்9 என்ற பெயரில் பிடித்தது. 15 ரவுண்டு. உடல் அலுமினியக் கலவை, அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு என்ற மேல்பாகம் எஃகு.

சிக் சாவர் பி226: அந்த அமெரிக்க ராணுவப் போட்டிக்காக உருவாகித் தோற்றது, தோற்றாலும் அமெரிக்கக் கடற்படையின் சீல் படையினர் பல்லாண்டுகள் வைத்திருந்தது இதைத்தான். இதுவும் அலுமினியக் கலவை உடல், 15 ரவுண்டு.

முதல் பிஸ்டல் என்றால் 9 மி.மீ. தோட்டாவிலேயே வாங்குங்கள். .45 தோட்டா அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் விலை, உதைப்பும் கூடுதல். பழக வேண்டிய முதல் ஆண்டில் நிறையச் சுட முடிவதுதான் முக்கியம்.

ட்ரிகர் முறையை முதலில் முடிவு செய்யுங்கள்

மாடலை விட இது பெரிய முடிவு. 1911, ஹை-பவர் இரண்டும் சிங்கிள் ஆக்‌ஷன். ஹேமர் பின்னுக்கு இழுபட்ட நிலையில் இருந்தால்தான் ட்ரிகர் வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம், குறைந்த தூரம். அதனால்தான் இலக்குச் சுடுபவர்களுக்கு 1911 மேல் அவ்வளவு பாசம். பதிலுக்கு, ஹேமர் எழுந்த பிஸ்டலைக் கட்டைவிரல் சேஃப்டி போட்டுக் கையாளும் ஒழுங்கு பழக வேண்டும்.

மற்ற மூன்றும் டபுள் ஆக்‌ஷன். ஹேமர் படிந்திருந்தாலும் முதல் சுடுதலுக்கு ட்ரிகரை நீளமாக, நாலரைக் கிலோவோ அதற்கு மேலோ விசை கொடுத்து இழுக்கலாம். இரண்டாவதிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோதான். புதியவர்களின் முதல் குண்டு தாழ்ந்தும் இரண்டாவது குண்டு ஏறியும் போவது இந்த மாற்றத்தால்தான்.

எழுந்த ஹேமரைப் பத்திரமாகப் படிய வைப்பது எப்படி என்ற கேள்வியும் உண்டு. பி226-இல் உடலிலும் பெரெட்டாவில் ஸ்லைடிலும் இதற்கென்றே ஒரு நெம்புகோல் இருக்கிறது. சாதாரண சிஇசட் 75 பி மாடலில் அது கிடையாது. குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரில் தோட்டா இருக்கும்போது ட்ரிகரை அழுத்திக்கொண்டே கட்டைவிரலால் ஹேமரை மெல்ல இறக்க வேண்டியிருக்கும். விரல் வழுக்கினால் சுட்டுவிடும். புதியவர்கள் அதைச் செய்யவே வேண்டாம். மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்துவிட்டு இறக்குங்கள். அந்தக் கவலையே வேண்டாம் என்றால் பிடி (BD) என்ற எழுத்துகள் பொறித்த சிஇசட் 75-ஐத் தேடுங்கள். அதில் சேஃப்டிக்குப் பதில் இந்த நெம்புகோல் இருக்கும்.

எங்கள் பரிந்துரை கேட்டால்: நல்ல நிலையில் உள்ள சிஇசட் 75 பி அல்லது பிடி. 1911 அருமையான பிஸ்டல்தான். ஆனால் மேகசின், வெற்று ஓட்டைச் சேம்பரிலிருந்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர், ஸ்ப்ரிங் என்று ஒவ்வொன்றும் சரியாக இருந்தால்தான் சொன்னபடி கேட்கும். அதன் நோய்களைக் கற்க ஆர்வம் இருந்தால் மட்டும் அதை முதலாவதாக எடுங்கள்.

கையில் பொருந்துகிறதா

கடைக்காரரிடம் கேட்டுக் காலியானதை உறுதி செய்துகொண்டு பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலான கவை, கைப்பிடியின் உச்சியில் இடைவெளி இல்லாமல் ஏற வேண்டும். குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி வைத்துக்கொண்டு சுட்டுவிரலை ட்ரிகரில் வையுங்கள். சிங்கிள் ஆக்‌ஷனில் விரல் நுனியின் சதைப்பற்று நடுவில் படிய வேண்டும். டபுள் ஆக்‌ஷனில், படிந்த ஹேமரோடு சோதிக்கும்போது, முதல் கணு வரையாவது எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் பலரும் மணிக்கட்டைத் திருப்பிப் பிடித்துச் சமாளிப்பார்கள். உதைப்பு அப்போது கட்டைவிரலின் அடி மூட்டில் இறங்கும்.

சிறிய கைக்குப் பெரெட்டா கொஞ்சம் பருமன். ஹை-பவர் இரட்டை வரிசை மேகசின் கொண்டும் மெலிதாகவே இருக்கும். ஆனால் பழைய ஹை-பவரின் ஹேமர், ஸ்லைடு பின்னால் வரும்போது சதைப்பற்றான கையின் கவையைக் கடிக்கும். கடிக்குமா என்பது கடையில் தெரியாது. சுட்ட பிறகுதான் தெரியும். முடிந்தால் அதே மாடலை ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஐம்பது ரவுண்டு சுட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்லைடையும் இழுத்துப் பாருங்கள். சிஇசட் 75-இன் ஸ்லைடு மற்றவற்றைப் போல உடலின் தண்டவாளத்துக்கு வெளியே ஓடாமல் உள்ளே ஓடுகிறது. ஓட்டம் நிதானமாக இருக்கும். ஆனால் வெளியே பிடிக்கக் கிடைக்கும் உயரம் குறைவு. இழுக்கக் கஷ்டமாக இருந்தால் முதலில் ஹேமரை எழுப்பிவிட்டு இழுங்கள், பாதிச் சுமை குறைந்தது போல இருக்கும்.

மேசை மேல் சோதனை

மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துங்கள். சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவுங்கள். கடைக்காரர் உங்கள் கண் முன்னாலேயே பார்த்திருந்தாலும் நீங்களும் பார்க்க வேண்டும். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சோதனை முடியும் வரை குழல்வாய் ஆள் இல்லாத பக்கமே இருக்கட்டும். வெற்று ட்ரிகர் இழுக்க அனுமதி கேளுங்கள். கையோடு நான்கைந்து போலித் தோட்டாக்கள் கொண்டுபோவது நல்லது. பழைய சிஇசட் 75 பி-யில் தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஃபயரிங் பின்னைத் தடுத்து நிறுத்தும் சுருள் ஊசி, போலித் தோட்டா இல்லாமல் தொடர்ந்து ட்ரிகர் இழுத்தால் நசுங்கி உடையும். 1911-இல் காலி சேம்பரில் ஸ்லைடைப் படீரென்று விட்டுவிடாதீர்கள். கையால் பிடித்து மெல்ல மூடுங்கள்.

இனி வரிசையாக:

1. மூடிய நிலையில், ஸ்லைடின் மேல் திறப்பில் தெரியும் குழலின் பின்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அசையக் கூடாது. பெரெட்டா தவிர மற்ற நான்கிலும், சுடும் கணத்தில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சில மில்லிமீட்டர் ஒன்றாகப் பின்வாங்கும். பிறகு குழலின் பின்பகுதி கீழே இறங்க, ஸ்லைடு மட்டும் தொடரும். அந்தப் பூட்டு தேய்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் குழல் வேறு இடத்தில் உட்காரும், குண்டுகள் சிதறும். ஸ்லைடு பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் கவலை இல்லை. ராணுவ 1911-கள் கிலுகிலுப்பை போல ஆடும், ஆனாலும் ஓடும். ஸ்லைடு ஆடலாம், குழல் ஆடக் கூடாது.

2. ஹேமரை எழுப்பி, ட்ரிகரைத் தொடாமல், பின்னாலிருந்து கட்டைவிரலால் முன்னுக்கு மிதமாகத் தள்ளுங்கள். விழுந்தால் அந்தப் பிஸ்டல் வேண்டாம். ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியர் என்ற கொக்கி தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ வீட்டில் அரம் போட்டு ட்ரிகரை லேசாக்கப் பார்த்திருக்கிறார்கள். 1911-இல் இரண்டாவது காரணம் சகஜம்.

3. 1911, ஹை-பவர், சேஃப்டி உள்ள சிஇசட் 75 பி ஆகியவற்றில்: ஹேமரை எழுப்பி, சேஃப்டி போட்டு, ட்ரிகரை அழுத்தி இழுத்துவிட்டு விடுங்கள். பிறகு ட்ரிகரைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். ஹேமர் அசையக் கூடாது. 1911-இல் இன்னொரு படி: குழல்வாயைப் பத்திரமான பக்கம் வைத்துக்கொண்டு, ஹேமரை மயிரிழை பின்னுக்கு இழுத்துக் காதைக் கூர்மையாக்குங்கள். 'டிக்' என்று கேட்டால் சியர் நகர்ந்து, இப்போதுதான் மறுபடி பள்ளத்தில் விழுகிறது. சேஃப்டி சரியாகப் பொருந்தவில்லை.

4. 1911-இன் கைப்பிடிச் சேஃப்டி: அதை அழுத்தாமல் பிடித்து ட்ரிகரை இழுங்கள். ஹேமர் விழக் கூடாது.

5. ஸ்லைடைச் சுமார் கால் அங்குலம் பின்னுக்குப் பிடித்துக்கொண்டு ட்ரிகரை இழுங்கள். ஹேமர் விழக் கூடாது. அடுத்து, ட்ரிகரை இழுத்த நிலையிலேயே வைத்துக்கொண்டு ஸ்லைடை முழுவதும் இழுத்து மூடுங்கள். ஹேமர் எழுந்தபடியே நிற்க வேண்டும். விரலை மெல்ல விடும்போது 'க்ளிக்' என்று ட்ரிகர் திரும்பப் பிடிப்பது தெரிய வேண்டும்.

ஹை-பவரில் இந்தச் சோதனைகளைச் செய்யும்போது ட்ரிகர் செத்துக் கிடந்தால் பதறாதீர்கள். மேகசின் உள்ளே இல்லாவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாதபடி அதில் ஒரு தடுப்பு இருக்கிறது. காலி மேகசினைச் செருகிவிட்டுச் செய்யுங்கள். அந்த மேகசினை நீங்களே பார்த்துக் காலி என்று உறுதி செய்திருக்க வேண்டும்.

பிரித்துப் பார்ப்பது

விற்பவர் பிரிக்க விடவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். இந்த ஐந்தையும் கருவி இல்லாமல், ஒரு நிமிடத்துக்குள் பிரிக்கலாம். சிஇசட் 75-இல் ஸ்லைடைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால், இடப்பக்கப் பின்முனையில் ஸ்லைடிலும் உடலிலும் இருக்கும் இரண்டு சிறு கோடுகள் நேராகும். அப்போது வலப்பக்கத்திலிருந்து தள்ளினால், ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் உறுப்பான ஸ்லைடு ஸ்டாப் இடப்பக்கமாக வெளியே வரும். அதை வெளியே எடுத்ததும் தண்டை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். சிஇசட்டில் உடையும் உறுப்பு என்றால் இதுதான். மயிரிழை விரிசல் இருந்தால் விலை குறையக் கேளுங்கள். புதியது போட்டால் தீர்ந்தது.

1911-இல் பிரிக்கும் முன்பே ஸ்லைடு ஸ்டாப்புக்குக் கீழே, உடலின் இடப்பக்கத்தைப் பாருங்கள். அரைவட்டக் கீறல் ஒன்று இருந்தால், முன்பு வைத்திருந்தவர் அந்த உறுப்பைத் திரும்பச் செருகத் தெரியாமல் இழுத்துத் தேய்த்திருக்கிறார். கீறலால் சுடுவதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உள்ளே இன்னும் என்னென்ன செய்திருப்பார் என்று ஒரு சந்தேகம் வரும். மேலே சொன்ன சியர் சோதனையை மறுபடி ஒருமுறை செய்துவிடுங்கள்.

குழலைத் தனியாக எடுத்து வெள்ளைச் சுவரையோ விளக்கையோ நோக்கிப் பிடியுங்கள். உள்ளே குண்டைச் சுழல வைக்கும் புரிகளின் விளிம்பு கூர்மையாக, முழு நீளமும் ஒரே சீராகத் தெரிய வேண்டும். அழுக்கு இருந்தால் பிரச்சினை இல்லை, துடைத்தால் போகும். நடுவில் எங்காவது கருநிற வளையம் ஒன்று நிழல் போலத் தெரிந்தால், அந்த இடத்தில் வெளிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், லேசாகப் புடைத்திருக்கும். மருந்து குறைந்த தோட்டாவின் குண்டு குழலுக்குள் நின்றுபோய், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் இப்படி ஆகும். குழல் மாற்ற வேண்டும். பழைய ராணுவப் பிஸ்டல்களில் சேம்பருக்கு முன்னால் அம்மைத் தழும்பு போலப் பள்ளங்கள் இருக்கலாம். அரிக்கும் தன்மையுள்ள பழைய தோட்டாக்களின் வேலை அது.

பெரெட்டாவில் குழல் சாயாது. அதன் அடியில் தொங்கும் பூட்டுக் கட்டைதான் இறங்கி ஏறும். அந்தக் கட்டையின் இரு பக்கமும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகள் கட்டையோடு சேரும் மூலையை நகத்தால் தடவுங்கள். விரிசல் விடுவது அங்கேதான். உடைந்த கட்டையை மாற்றலாம். ஆனால் ஓட்டத்தில் உடைந்தால் பிஸ்டல் அப்படியே சிக்கி நிற்கும்.

பி226, பெரெட்டா இரண்டிலும் உடல் அலுமினியம் என்பதால் தண்டவாளத்தைக் கவனியுங்கள். கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளையாக மின்னுவது இயல்பு. நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளமோ பிசிறோ இருந்தால், எண்ணெய் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள்.

பளபளப்பான பழைய பிஸ்டலைச் சந்தேகத்தோடு பாருங்கள். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால், திருகு துளைகளைச் சுற்றிக் கிண்ணம் போலக் குழிந்திருந்தால், மெருகு போட்டுத் தேய்த்து மறுபடி கறுப்பேற்றியது. சேகரிப்பவருக்குப் பாதி மதிப்பு போய்விட்டது. சுடுபவருக்கு ஒன்றுமில்லை, 'ஒரிஜினல்' விலை கொடுக்காத வரையில். வரிசை எண் அழிக்கப்பட்டிருந்தால் பேச்சே வேண்டாம். கையில் வைத்திருப்பதே குற்றம்.

மேகசினும் ஸ்ப்ரிங்கும்

சிக்கல்களில் பாதிக்கு மேகசின்தான் காரணம், 1911-இல் பாதிக்கும் மேல். மேல்வாய் விளிம்புகள் இரண்டும் ஒரே உயரத்தில், விரிசல் இல்லாமல் இருக்கின்றனவா பாருங்கள். உள்தட்டை விரலால் அழுத்தி விட்டால் தடையில்லாமல் மேலே வர வேண்டும். நிறுவனத்தின் சொந்த மேகசின் குறைந்தது மூன்று வாங்குங்கள். மலிவு நகல் வேண்டாம். அடியில் 1, 2, 3 என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள். ஏன் என்பது ரேஞ்சில் தெரியும்.

பழையது வாங்கினால், பின்வாங்கிய ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்ப்ரிங்கை உடனே மாற்றுங்கள். எத்தனை ஆயிரம் சுட்டது என்று விற்றவருக்கே தெரியாது. ஸ்ப்ரிங்கோ ஒரு பெட்டித் தோட்டாவை விட மலிவு. ஐந்து அங்குல .45 1911-க்கு 16 பவுண்டு ஸ்ப்ரிங் வழக்கமானது. அதைவிடக் கடினமானது போட்டால் உதைப்பு குறையும் என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்லைடு முழுத் தூரம் போகாமல் திரும்பி வெற்று ஓடு சிக்குவதுதான் மிச்சம்.

முதல் 200 ரவுண்டு

கண்ணாடி, காதடைப்பு இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள். தண்டவாளத்துக்கு நான்கு இடங்களில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய், குழலின் வெளிப்புறத்தில் ஒரு பூச்சு. 9 மி.மீ. என்றால் 115 அல்லது 124 கிரெய்ன் எடையுள்ள, செப்பு உறையிட்ட சாதாரணத் தோட்டா போதும். முதல் இரண்டு முறை மேகசினில் இரண்டே ரவுண்டு போடுங்கள். சியர் தேய்ந்த பிஸ்டல் தானாக இரண்டாவதைச் சுட்டுவிட்டாலும் அதற்கு மேல் போகாது. பிறகு ஏழு கெஜ தூரத்தில் ஐந்தைந்தாகச் சுட்டுக்கொண்டு போங்கள்.

சிக்கினால் எந்த மேகசின் என்று குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் 2-ஆம் எண்தான் என்றால் அதைத் தூக்கிப் போடுங்கள். பிஸ்டலில் கோளாறு இல்லை. வெற்று ஓடு புகைபோக்கி போல நின்றால் முதலில் உங்கள் மணிக்கட்டைச் சந்தேகப்படுங்கள். தளர்ந்த கையில் ஸ்லைடுக்கு எதிர்த்துத் தள்ள ஒன்றும் இருக்காது. இறுக்கிப் பிடித்தும் தொடர்ந்தால் எக்ஸ்ட்ராக்டர். 1911-இல் அது நீண்ட எஃகு நாக்கு, தன் வளைவின் இறுக்கத்தால் மட்டுமே ஓட்டைப் பிடிக்கிறது. அந்த இறுக்கம் தளர்ந்திருக்கும், துப்பாக்கி மெக்கானிக் சில நிமிடங்களில் சரிசெய்வார். ஸ்லைடு கடைசி சில மில்லிமீட்டர் மூடாமல் நின்றால் அழுக்கு, எண்ணெய்க் குறைவு, இல்லாவிட்டால் களைத்த ஸ்ப்ரிங்.

ட்ரிகரை இழுத்து, வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'பொத்' என்று மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். ஸ்லைடை இழுத்து அடுத்ததை ஏற்றக் கூடாது. பிஸ்டலைக் காலி செய்து, பிரித்து, குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் குண்டு உள்ளே நிற்கிறது. மரக்கோலோ பித்தளைக் கோலோ கொண்டு தட்டி எடுக்க ரேஞ்ச் அதிகாரியிடம் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடும் முன் குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், கையில் ஈயத் தூள் இருக்கும். கடையில் சட்டப்படி கொடுத்த பூட்டு பெட்டியிலேயே கிடக்கும். அதைப் போட்டு, தோட்டாவை வேறு அலமாரியில் வையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டு மட்டும் போதாது, இரும்புப் பெட்டியும் வேண்டும். அதற்கான பணத்தைப் பிஸ்டல் விலையோடு சேர்த்தே கணக்குப் போட்டுவிடுங்கள்.